முன்னால் நிற்க ஒரு பட்டன் போதும்

என் மனைவி செங்கமலத்துக்கு வந்த நோய் முதன்முதலில் என்னுடைய சாவில்தான் தெரிந்தது. நான் செத்தது கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள். மதியம் இரண்டு மணி இருக்கும். ஒரு குகை வாசலில் கரடியோடு வாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று எனக்கு உயிர் ஏற்ற வேண்டியவள் அவள். ஏற்றவில்லை. நான் விழுந்தேன்.

“எங்க பாத்துக்கிட்டு இருக்க?” என்று கத்தினேன்.

“பாத்துக்கிட்டுதான் மாமா இருக்கேன். வெரல் போவல.”

அது 2007. விரல் போகவில்லை என்று அவள் சொன்னதை அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. இதே நோய் வந்த வீட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டியதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். செம்மங்குப்பம் பக்கம் கம்பெனிகளுக்குக் கேபிள் புதைக்கக் குழி வெட்டிய கை இது. பிறகு டெலிபோன் லைன் இழுத்தேன். பிறகு கடலூரில் சொந்தமாக எஸ்.டி.டி. பூத் வைத்தேன். பூத்துக் காலம் முடியப்போகிறது என்று மற்றவர்களுக்கு உறைப்பதற்கு முன்பே எனக்கு உறைத்தது. 2004-இல் மூன்று கம்ப்யூட்டரோடு பிரவுசிங் சென்டராக மாற்றினேன். மூன்று பதினொன்றாக ஆனது. எங்கள் பக்கத்தில் இன்று வாத்தியாராகவும் ஆபீசராகவும் இருக்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் பரீட்சை ரிசல்ட்டை என் கடையில்தான் பார்த்தார்கள். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கமலம் எட்டாவது படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். கல்லாவில் அவள்தான் இருப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை வரை கல்லூரிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், கடை காலியாகக் கிடக்கும். அவர்கள் ஆடும் இணைய விளையாட்டைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஆசை வந்துவிட்டது. எனக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது, அவளுக்கு ஐம்பத்து இரண்டு. ஏழாம் நம்பர் மெஷினில் அவளும் எட்டாம் நம்பரில் நானும் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது ஒரு மாய உலகம். காடு, குகை, பூதம் எல்லாம் இருக்கும். உள்ளே போகும்போதே நீங்கள் யார் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வாள்வீரன், வில்லாளி, பூதம் வளர்ப்பவள், காயத்தை ஆற்றும் வைத்தியக்காரி. பிள்ளைகள் இதைக் ‘கிளாஸ்’ என்பார்கள். தனியாக ஆடுகிறவன் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஜோடியாக ஆடினால் ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்க வேண்டும்.

முதல் நாள் இரண்டு பேருக்குமே நான் வாள்வீரனை எடுத்தேன். பத்து நிமிடத்தில் ஓநாய்க் கூட்டம் இரண்டு பேரையும் கடித்துப் போட்டது.

“ரெண்டு பேரும் வெட்டவே போனா கட்டுப் போடறது யாரு?” என்றாள் கமலம். தன் ஆளை அழித்துவிட்டு வைத்தியக்காரியாக மறுபடி வந்தாள்.

ஒரு வருடம் அப்படியே ஆடினோம். நான் முன்னால், அவள் பின்னால். கடைக்கு வரும் பிள்ளைகளிடம், நேற்று இன்ன பூதத்தை வீழ்த்தினேன் என்று சொல்வேன். வீழ்த்தினோம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

கரடியிடம் செத்த பிறகு அடிக்கடி செத்தேன். வைத்தியக்காரிக்குப் பட்டன் ஜாஸ்தி. சின்னக் காயத்துக்கு ஒன்று, பெரிய காயத்துக்கு ஒன்று, விஷம் இறக்க ஒன்று என்று ஒன்பது பட்டன். வயதானவளுக்கு இந்தக் கிளாஸ் ஒத்துவரவில்லை என்று நான் தீர்மானித்தேன். அவளை வில்லாளியாக மாற்றினேன். நாலு பட்டன்தான். மாற்றினால் முதல் படியிலிருந்து மறுபடி ஏற வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். நானும் கூடவே ஏறினேன். மவுஸை இழுத்துக் குறி வைக்க அவளால் முடியவில்லை. உடனே பூதம் வளர்ப்பவளாக மாற்றினேன். பூதமே போய் அடித்துவிட்டு வரும், இரண்டு பட்டன் போதும்.

“பாத்தியா, எப்படி சரி பண்ணேன்!” என்று அவளிடமே மார் தட்டினேன்.

அவள் மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.

வீட்டிலும் இதே வேலையைத்தான் செய்தேன். டம்ளர் நழுவியது, பிடி வைத்த டம்ளர் வாங்கினேன். ரவிக்கைக்கு ஹூக் போட முடியவில்லை என்றாள், அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டன் வைத்துத் தைக்கச் சொன்னேன். கல்லாவில் சில்லறை எடுக்கத் தடுமாறினாள், வாய் அகலமான டப்பா வைத்தேன். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். கை ஏன் இப்படி ஆகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது நீங்கள் பொருள்களை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், இரண்டாவது பொருளிலேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கமலத்தின் தம்பி குணசேகரன் சிதம்பரத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்தில் எதிர் வரிசையில் சாப்பிட உட்கார்ந்தவர், அக்காள் சாதத்தைப் பிசைய முடியாமல் சாம்பாரில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து அவள் கையைத் திருப்பினார். கட்டை விரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை பள்ளமாக இருந்தது. தோலுக்கடியில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

“ஊருக்கே லைன் இழுத்துக் குடுத்தீங்களே மாமா, எங்கக்கா கைக்குக் கரெண்டு வரலங்கிறது தெரியலயா?”

“வயசாவுதுல்ல மச்சான். வாயு புடிச்சிருக்கும்.”

“வாயு ஒரு கைய மட்டுந்தான் புடிக்குமா? எழுந்திரிங்க, போதும் சாப்புட்டது.”

கடலூரில் பார்த்த டாக்டர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார். கழுத்துப் பட்டையோடு இரண்டு மாதம் போனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் இந்த நோய் அப்படித்தான் வேஷம் போடுமாம். இடது கையும் மெலிய ஆரம்பித்ததும் மச்சான் எங்களைச் சிதம்பரத்துக்கு வரச்சொல்லி நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் இளம் பெண். கையைத் தட்டினார், முட்டியைத் தட்டினார், நாக்கை நீட்டச் சொல்லி விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். இ.எம்.ஜி. (தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி நரம்பின் மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். பிறகு கேட்டார், “எப்பலேர்ந்து இப்படி இருக்கு?”

“மூணு மாசம்” என்றேன்.

“பதினோரு மாசம்” என்றாள் கமலம். “வைத்தியக்காரிய வுட்டதுலேர்ந்து.”

“எந்த வைத்தியக்காரிய விட்டீங்க?”

நான் தலையைக் குனிந்துகொண்டு விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“மொதல்ல எத்தனை பட்டன் அழுத்துவீங்கம்மா?”

“ஒம்போது.”

“இப்ப?”

“ரெண்டு. சில நாளு ஒண்ணு.”

அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை போகும்போதும், “இந்த மாசம் எத்தனை பட்டன்மா?” என்றுதான் ஆரம்பிப்பார். கமலத்துக்கு அவரைப் பிடித்துப் போனதற்கு அதுதான் காரணம்.

நோயின் பெயர் மோட்டார் நியூரான் நோய் (தசையை அசைக்கச் சொல்லி மூளையிலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவது). கை போகும், கால் போகும், பேச்சும் விழுங்குவதும் போகும், கடைசியில் மூச்சு வாங்கும் தசையும் போகும். அறிவு போகாது. தொட்டால் தெரியும், எறும்பு கடித்தால் தெரியும், தட்டிவிடத்தான் முடியாது. குணமாக்க மருந்து இல்லை. ஒரு மாத்திரை இருக்கிறது, சில மாதம் தள்ளிப்போடலாம்.

“எந்த ஊருக்கு வேணாலும் கூட்டிட்டுப் போறேன் டாக்டர். நான் ஒண்ணுமில்லாம வந்து இவ்வளவும் பண்ணவன். எதுலயும் தோத்தது கெடையாது” என்றேன்.

“தாராளமா கூட்டிட்டுப் போங்க ஐயா. இன்னொருத்தர் சொல்றதையும் கேக்கறது நல்லதுதான். ஆனா அவங்களும் இந்தப் பேரத்தான் சொல்வாங்க.”

பெரிய ஊர்களுக்குப் போனோம். அதே பெயரைச் சொன்னார்கள்.

முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். உங்களுக்கும் அப்படிச் சொல்வார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. என் பெண்டாட்டி அவ்வளவு மாதமும் பக்கத்து நாற்காலியில் தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். அதற்கு எந்த மாத்திரையும் கிடையாது.

சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது, பஸ் புதுச்சத்திரம் தாண்டியிருக்கும், அவள் சொன்னாள்: “மாமா, இனிமே நான் முன்னாடி நிக்கறேன்.”

“எதுல?”

“ஆட்டத்துல. நீங்க வைத்தியக்காரியா வாங்க.”

“முன்னாடி நிக்கறதுன்னா சாதாரணமா? அடி முழுக்க நீ வாங்கணும்.”

“அடி வாங்கறதுக்கு என்னா மாமா, நின்னா போதும். ஒரு பட்டன் போட்டா கத்தி தானா வெட்டிக்கிட்டே இருக்கும். பத்து வெரலும் பின்னாடி இருக்கறவங்களுக்குத்தான் வேணும். இத்தன நாளா அந்த வேலைய நான்தான பாத்தேன்?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆட்டம் தொடங்கியதிலிருந்து நான் ஒரே ஒரு பட்டனைத்தான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த விளையாட்டில் வைத்தியர்கள் எல்லோரும் பெண்கள். வெள்ளைப் பாவாடை, கையில் நீளமான கோல். நான் யாருக்குப் பின்னாலும் நின்று பழகாதவன். பாவாடையைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். பார்க்க வந்த மச்சான் என் திரையை எட்டிப் பார்த்தார்.

“மாமா, பாவாட பொருத்தமா இருக்கு. இடுப்புல கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க, அவுந்துடப் போவுது.”

கமலம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் புரையேறியது. வெறும் எச்சில்தான். பல்பர் பாதிப்பு (பேசவும் விழுங்கவும் உதவும் தசைகள் தளர்வது) தொடங்கிவிட்டது என்று அடுத்த முறை டாக்டர் சொன்னார்.

வைத்தியம் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. தாமதமாக உயிர் கொடுத்தால் முன்னால் நிற்பவள் சாவாள், அது எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. தேவைக்கு மேல் கொடுத்தால் மிருகம் அவளை விட்டுவிட்டு வைத்தியக்காரியைத் தேடி வரும். நான் பயத்தில் கொடுத்துக்கொண்டே இருப்பேன். மிருகம் என் பக்கம் திரும்பும். நான் விழுவேன், பிறகு அவளும் விழுவாள்.

“கேட்டா குடுங்க மாமா” என்பாள். அப்போதே நாக்கு குழற ஆரம்பித்திருந்தது. “கேக்காம குடுக்காதீங்க.”

சாப்பாட்டிலும் அதே சண்டைதான். ஒரு வாய் விழுங்குவதற்குள் அடுத்த உருண்டையைக் கொண்டுபோவேன். அவள் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழக வேண்டியிருந்தது. கவனிப்பதில் பாதி வேலை கையைக் கட்டிக்கொண்டிருப்பது. அதை நான் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

2008 மழைக்காலத்தில் அந்த ஒரு பட்டனையும் விரலால் அழுத்த முடியாமல் போனது. மச்சான் ஒரு பழைய கீபோர்டைப் பிரித்து, அந்த ஒரு பட்டனுக்கு மட்டும் ஒயர் பற்றவைத்து, காலிங் பெல் சுவிட்சோடு இணைத்து மரக்கட்டையில் அறைந்து கொண்டுவந்தார். கமலம் குதிகாலால் அதை அழுத்தினாள். கடைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். குதிகாலால் ஒரு பெண் முன்னால் நிற்க, நான் பத்து விரலால் அவளைப் பிழைக்கவைக்க, முன்பு நாங்கள் நெருங்க முடியாத பூதங்களை எல்லாம் சாய்த்தோம். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் செய்த எந்த வியாபாரமும் இதற்கு ஈடில்லை.

அடுத்த வெயில் காலத்துக்குள் குதிகாலும் நின்றது. மதியம் என் ஆளோடு அவள் ஆளையும் நானே உள்ளே கொண்டுபோவேன், அது பக்கத்தில் சும்மா நிற்கும். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஆஸ்பத்திரி பக்கமாக இருக்கட்டும் என்று கடையைப் பூட்டிவிட்டு மச்சான் வீட்டுக்கே போய்விட்டோம்.

டாக்டர் ஒரு நாள் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து, வரப்போவதைச் சொன்னார். பெக் குழாய் (வயிற்றில் சிறு துளையிட்டு உணவு செலுத்தும் குழாய்) போட்டுக்கொள்ளலாம். மூச்சு முட்டும் கட்டம் வந்தால் ட்ரக்கியாஸ்டமி (தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பது) செய்து வென்டிலேட்டரில் (மூச்சைத் தள்ளிக் கொடுக்கும் இயந்திரத்தில்) வைக்கலாம்.

கமலத்தின் பேச்சு அப்போது எங்களுக்கு மட்டும்தான் புரியும். அவள் சொல்லச் சொல்ல மச்சான் டாக்டருக்குத் திருப்பிச் சொன்னார்.

“வயித்துல போடுங்க. கழுத்துல வேணாம்.”

“ஏன்மா?” என்றார் டாக்டர்.

“மிசின மாட்டிட்டா, நிறுத்துன்னு சொல்ல எனக்கு வாய் இருக்காது. மாட்டாதன்னு சொல்ல இப்ப இருக்குது.”

பிறகு என்னைப் பார்த்தாள். “சரி சொல்லுங்க மாமா.”

“சரி” என்றேன். இரண்டு பேர் சாட்சியாகச் சொன்னேன்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, குளிக்கவைத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். சளி அடைத்துக்கொண்டது. உதடு நீலமானது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். எங்கள் டாக்டர் அன்று ஊரில் இல்லை. அவசரப் பிரிவில் இருந்தவர் புதியவர். “வென்டிலேட்டர் போடணும். சீக்கிரம் சொல்லுங்க” என்றார்.

“அக்கா வேணாம்னு சொல்லியிருக்காங்க மாமா” என்றார் மச்சான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “மாமா. அவுங்க சொன்னாங்க.”

அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எதையும் கேட்கவில்லை.

“போடுங்க” என்றேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

இருபத்து நான்கு நாள் அந்த இயந்திரம் அவளுக்கு மூச்சு விட்டது. உள்ளே தள்ளும், நிற்கும், வெளியே விடும், நிற்கும். என்னை உள்ளே விடும் நேரத்தில் நான் போய் நின்றால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். மச்சான் போனால் திறப்பாள். நர்ஸ், “அவங்க தூங்கறாங்க ஐயா” என்று எனக்காகப் பொய் சொல்வார்.

எங்கள் டாக்டர் திரும்பி வந்ததும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். “போடறதுக்கு முன்னாடி வேணாம்னு சொல்ல வழி இருந்துது ஐயா. போட்டத நிறுத்த இப்ப சட்டத்துல எங்களுக்கு வழி இல்ல” என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பதினோராம் நாள் அவர்தான் என்னை உள்ளே அழைத்துப் போனார். “அம்மா, ஆமான்னா ஒரு தடவ கண்ண மூடித் திறங்க, இல்லன்னா ரெண்டு தடவ. ஐயாகிட்ட பேசறீங்களா?” என்று கேட்டார். வெகுநேரம் கழித்து ஒரு தடவை மூடித் திறந்தாள். டாக்டர் வெளியே போய்விட்டார்.

மன்னிச்சுடு என்று சொல்லத்தான் போனேன். வாயில் வேறு வந்தது.

“கோவமா?”

ஒரு தடவை.

“ரொம்பவா?”

ஒரு தடவை.

“நான் போயிடட்டுமா?”

இரண்டு தடவை மூடித் திறந்தாள். எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் இரண்டு தடவை.

மீதி நாள்களில் நான் எதுவும் கேட்கவில்லை, எதுவும் கொடுக்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நிமோனியா (நுரையீரலில் சீழ்த் தொற்று) வந்து ஒரு முற்பகலில் இறந்தாள்.

இந்த நோய் உள்ள வீட்டாருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நோயாளி வாய் இருக்கும்போது சொன்னதை எழுதி வாங்குங்கள். அதோடு, அவசரத்தில் யார் பதில் சொல்வது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். எதிலும் முன்னால் போய் நிற்கிற, தோற்றுப் பழகாத ஆள் கையில் அந்தப் பேனாவைக் கொடுக்காதீர்கள். அவனுக்கு அன்பு குறைவு என்று அல்ல. மச்சான் மாதிரி, சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

இப்போது 2012. மூன்று வருடம் ஆகிவிட்டது என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அந்த இருபத்து நான்கு நாளில் ஒவ்வொரு நாளின் வெளிச்சமும் எந்த ஜன்னலில் விழுந்தது என்று சொல்வேன். அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, இந்த வயதில் என்னைப்போல் நடப்பவர் எங்கள் தெருவில் இல்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. போன வாரம் மச்சான் கடையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒயர் அளந்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“மாமா, மூச்ச வுடுங்க.”

“வுட்டுக்கிட்டுத்தான இருக்கேன்?”

“இல்ல மாமா. அடிக்கடி நிறுத்திடுறீங்க. ரொம்ப நாளா பாக்கறேன்.”

அன்றிலிருந்து நானும் கவனிக்கிறேன். அவர் சொன்னது சரிதான். மூச்சை வெளியே விட்ட பிறகு என் உடம்பு நின்றுவிடுகிறது, அடுத்ததை யாரோ தள்ளிக் கொடுப்பார்கள் என்பதுபோல. கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். யாரும் கொடுப்பதில்லை. பிறகு நானே எடுத்துக்கொள்கிறேன்.